என் சாவியில் இன்னொருவர்

முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனிக்கு லினக்ஸ் கணினியில் விபிஎன் போட்டுக் கொடுக்கப் போயிருந்தேன். வெளியிலிருந்து கம்பெனி சர்வருக்குள் யாரும் ஒட்டுக்கேட்க முடியாதபடி போய்வர ஒரு தனிப்பாதை, அவ்வளவுதான் விபிஎன். எனக்கு முன்பு அந்த வேலையைப் பார்த்தவர் பைக் விபத்தில் இறந்துபோயிருந்தார். பழையதைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுகிறேன் என்றேன். முதலாளிக்கு மனம் வரவில்லை.

“அவரு கையால போட்டதுங்க. அப்படியே காப்பி பண்ணிக்குங்க,” என்றார்.

இறந்தவர் செட்டிங்கைக் கலைக்க எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. அவருடைய ஆபீஸ் கணினியை முழுசாக என் லேப்டாப்பில் நகலெடுத்தேன். அவருடைய ரகசியச் சாவியும் கூடவே வந்தது. சாவி என்றால் ஒரு வரி நீளத்துக்கு அர்த்தமில்லாத எழுத்துகள். சர்வருக்கு முகம் தெரியாது, சாவிதான் தெரியும்.

வீட்டிலிருந்து வேலை பார்க்க ஆரம்பித்தேன். காலையில் நன்றாக ஓடும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு விட்டுவிட்டு அறுந்துபோகும். தினமும் இதே கூத்து. பிராட்பேண்ட்காரரைத் திட்டினேன், மோடத்தைத் தட்டினேன். பிறகுதான் சர்வரில் போய்ப் பார்த்தேன். நான் இல்லாத ஓர் இடத்திலிருந்து, என் சாவியோடு, இன்னொருவர் உள்ளே இருந்தார். ஒரே சாவியோடு இரண்டு பேர் வந்தால் சர்வர் கடைசியாகப் பேசியவரைத்தான் நம்பும். அவர் பேசும்போதெல்லாம் நான் வெளியே.

முதலாளி வெலவெலத்துப்போனார். துணி வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பிய டிசைன்கள் எல்லாம் அதில்தான். வெளியே கசிந்தால் ஆர்டரும் போச்சு, கம்பெனி பெயரும் போச்சு. எனக்கோ வேறு பயம். வந்தவர் எதையும் திறக்கவில்லை, எதையும் எடுக்கவில்லை. ‘இருக்கிறேன்’ என்று மட்டும் சர்வரிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். திருடனாக இருந்தால் தேவலை என்று தோன்றியது.

ஆபீஸ் கணினியை விட்டால் அந்தச் சாவி இன்னும் ஓர் இடத்தில் மட்டும்தான் இருக்க முடியும்: இறந்தவரின் சொந்த லேப்டாப். மடத்துக்குளத்தில் அவர் வீட்டுக்குப் போன் செய்தேன். அவருடைய அப்பா எடுத்தார். மகனுடைய லேப்டாப்பை யாராவது போடுகிறார்களா என்று கேட்டேன்.

“ஆமாங்க கண்ணு, நாந்தான் போடறேன்,” என்றார். “மத்தியானத்துக்கு மேல பையன் ஊட்ல இருந்துதான் வேல பாப்பானுங்க. அந்நேரத்துக்குத் தோப்புல இருந்து வந்து, பொத்தான அமுத்தி உட்டுட்டுப் பக்கத்துல உக்காந்துக்குவேன். எனக்கு அதுல ஒண்ணும் தெரியாதுங்க. அவன் வேலையில இருக்கறாப்பல இருக்குமுங்க.”

லேப்டாப்பைத் திறந்ததும் அது தானாகவே கம்பெனி சர்வருக்குப் போகும்படி மகன் செய்து வைத்திருக்கிறார். நிறுத்துங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. சும்மா விசாரித்தேன் என்று வைத்துவிட்டேன்.

முதலாளியிடம் சொன்னேன். “பாவமுங்க. ஆனா எடுத்துருங்க. டிசைன் நம்மளது இல்லீங்களே,” என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. எனக்குப் புதுச் சாவி செய்துகொண்டு, பழையதை சர்வரிலிருந்து அழித்தேன். ஒரே ஒரு கட்டளைதான். பெரியவர் பொத்தானை அழுத்தினால் லேப்டாப் எப்போதும்போலத் திறக்கும், விளக்கு எரியும், திரையில் ஒரு புள்ளிகூட மாறாது. அவருக்குத் தெரியவே போவதில்லை என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

மறுநாள் மதியம் அவரிடமிருந்து போன்.

“ஏனுங்க கண்ணு,” என்றார் மெதுவாக. “பையன வேலைய உட்டு நிறுத்திட்டீங்களா?”