இரட்டை விசிலும் என் இடது காலும்

என் மினிபஸ்ஸின் கண்ணாடியோரம் ஒரு பழைய விசில் தொங்குகிறது. கண்டக்டர் அண்ணன் வேலையை விட்டுப் போகும்போது கொடுத்தது. ஓரமெல்லாம் அவர் பல் பதிந்தது. குளத்தூர்ப் பக்கத்திலிருந்து விராலிமலை வரைக்கும் எனக்கு எஜமான் அந்த விசில்தான். இரட்டை விசில் என்றால் கிளம்பு, ஒற்றை என்றால் நில். எது கேட்டாலும் என் இடது கால் முதலில் கிளட்சுக்குப் போய்விடும். மூளையைக் கேட்டுக்கொண்டு அது போனதே இல்லை. கேட்டிருந்தாலும் அங்கிருந்து பெரிதாகப் பதில் வந்திருக்காது.

அந்தக் காலைத்தான் உடைத்துக்கொண்டேன். பஸ்ஸில் ஒரு கோழியைக்கூட இடிக்காதவன், நார்த்தாமலை விலக்குக்கு அருகே பைக்கை மைல்கல்லில் மோதினேன். கல் வழக்கமான இடத்தில்தான் இருந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே தெரிந்தது. கம்பி வைத்து எலும்பைச் சேர்த்தார்கள். திறந்து கிடந்த புண்ணை மூட, கெண்டைக்கால் சதையில் ஒரு பாதியை முன்பக்கம் திருப்பி வைத்து, அதன்மேல் தொடைத்தோலை ஒட்டினார்கள். இந்த இடமாறுதலைப் பார்க்க ஊரே ஆட்டுக்கால் சூப்போடு வந்தது. வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: "அசைச்சிராதப்பா, ஒட்டுன சதை பேந்துரும்."

நான் அதை அப்படியே நம்பினேன். எலும்பு கூடிவிட்டது, சதையும் பிடித்துவிட்டது, இனிப் பயமில்லாமல் மிதிக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும் நம்பினேன். பிசியோதெரபி செய்யும் பெண் என் பாதத்தில் ரப்பர் பெல்ட்டை மாட்டி, இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு, "மிதிங்கண்ணே" என்பார். நான் முகத்தை மட்டும் நன்றாகச் சுளிப்பேன். கால் சும்மா இருக்கும். இதற்கிடையே முதலாளி வீட்டுக்கு வந்து முடிவாகச் சொல்லிவிட்டார்: "கிளட்ச மிதிக்கிறியா, வண்டி ஒனக்கு. இல்லையா, ஸ்டாண்டுல ஒக்காந்து டயம் எழுது." ஸ்டீயரிங் பிடித்த கையால் பேனா பிடிப்பதை நினைத்தபோது கால்வலியே தேவலாம் என்றிருந்தது.

ஒருநாள் கண்டக்டர் அண்ணன் என்னோடு பிசியோ அறைக்கு வந்தார். அப்போது அவர் வேலையில்தான் இருந்தார். மூலையில் நின்று என் முகச்சுளிப்பைக் கொஞ்ச நேரம் ரசித்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து இதே விசிலை எடுத்து இரட்டையாக ஊதினார். என் கால் சடக்கென்று மிதித்தது. பெல்ட் அந்தப் பெண்ணின் கையை விட்டே போய்விட்டது.

"காலு நல்லாத்தான் இருக்கு தாயி. ஓட்டுறவனுக்குத்தான் கோளாறு" என்றார்.

அந்தப் பெண் பெல்ட்டை எடுத்து மறுபடி மாட்டினார். "இன்னொரு தடவ ஊதுங்க சார்."

விசில் பயத்தைத்தான் போக்கியது. பலம் மெதுவாகத்தான் வந்தது. பாதிச் சதை வேறு வேலைக்குப் போய்விட்டதால், மீதிப் பாதி இரண்டு பேர் வேலையையும் பழக வேண்டியிருந்தது. சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கினேன். இன்றும் இடது குதிகால் வலதளவுக்கு எழும்பாது. சாயங்காலமானால் கொஞ்சம் வீங்கும். வண்டிக்கு அது போதும்.

போதுமா என்று பார்க்க, முதல்நாள் முதலாளியே முன்சீட்டில் வந்து உட்கார்ந்தார். சந்தை நாள், நிற்க இடமில்லை. மேட்டில் நிறுத்திக் கிளம்பும்போது, ஆர்வக்கோளாறில் கிளட்சை மிதித்த வேகத்திலேயே விட்டுவிட்டேன். வண்டி குதித்துக் கிளம்பியது. காய்க்கார அம்மாவின் கூடை சரிந்து, கத்திரிக்காய் படிக்கட்டு வரைக்கும் உருண்டது.

"ஏப்பா டிரைவரு, அது என்ன காலா, ஒலக்கையா?"

கண்டக்டர் அண்ணன் குனிந்து கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டே சொன்னார்: "இன்னொரு வாட்டி சத்தமாச் சொல்லு ஆத்தா. மொதலாளிக்குக் கேக்கல."

அடுத்த நிறுத்தத்தில் முதலாளி, "வண்டி ஒனக்குத்தான்" என்று இறங்கிக்கொண்டார்.