காதுகுத்துப் பேனரில் மாமா

பேனர் வைக்காமல் எங்கள் பக்கத்தில் காதுகுத்து நடக்காது. என் ஏழு வயதில் எனக்குக் காது குத்தியபோது பெரியப்பா வைத்த பேனரை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அம்மா கும்மிடிப்பூண்டி அகதி முகாமில் வளர்ந்தவள், அப்பா உள்ளூர்க்காரர். அம்மாவின் தம்பி மட்டும் இலங்கையிலேயே சிக்கிக்கொண்டு, சண்டை முடிந்த பிறகு படகேறி வந்து முகாமில் சேர்ந்தார். பெயிண்ட் அடிக்கப் போவார். சண்டையின் கடைசி நாலு மாதம் இயக்கத்தில் துப்பாக்கி தூக்கியதை அவர் முகாம் பதிவில் சொல்லவில்லை. தெரிந்தால் போலீஸ்காரர்கள் பிடித்து அடைத்துவிடுவார்கள். அம்மாவிடம் மட்டும் சொன்னார். அம்மா அப்பாவிடம் சொன்னாள். அப்பாவுக்குத் தன் அண்ணனிடம் சொல்லாமல் தூக்கம் வராதே!

பெரியப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. தாய்மாமன் மடியில்தானே காது குத்துவார்கள்? கோயில் வாசலில் ஆளுயரத்துக்குப் பேனர் கட்டிவிட்டார். யாரோ ஒருவனின் ராணுவ உடம்பில் மாமாவின் முகம், கையில் துப்பாக்கி, பக்கத்தில் நான். மேலே, ‘களம் கண்ட மாவீரனின் மருமகள்.’

சீர்த்தட்டோடு வந்த மாமா அதைப் பார்த்துத் தட்டைக் கீழே வைத்தார். பழம் நறுக்கும் கத்தியை எடுத்துத் தன் முகத்தை மட்டும் அறுத்தெடுத்தார். என் படத்தில் ஒரு கீறல் விழவில்லை.

“மரியாத பண்ணா அறுத்துப் போட்டுக்கினு நிக்கிற? இன்னா ஆளுய்யா நீ!” என்று பெரியப்பா குதித்தார்.

“அண்ணை, என்னை வீட்டிலயிருந்து இழுத்துக்கொண்டு போனவங்கள். பத்து நாள் பழக்கிப்போட்டு முன்னுக்கு விட்டவங்கள். கஞ்சிகூட இல்லாமல் பிணங்களோட பங்கருக்குள்ள கிடந்தனான். கடைசியில துவக்கை எறிஞ்சுபோட்டு ஓடினனான். இதில என்ன வீரம்?”

“அடச்சீ, ஓடியாந்தவனுக்கா பேனர் வெச்சேன்!”

கூட்டம் சிரித்தது. வீரன் வேண்டுமாம் இவர்களுக்கு! ஒரு நாள் பட்டினி கிடந்திருப்பார்களா? ஊசி ஏறும்போது மாமாவின் மடி நடுங்கியது. ஊசிக்கே பயப்படுகிறார் என்று அதற்கும் சிரித்தார்கள். என்னை அவமானம் பிடுங்கித் தின்றது.

கோபத்தில் பெரியப்பா பேனரைக் கழற்றவில்லை. மறுநாள் நான் பள்ளிக்கூடம் போகும்போது மப்டியில் ஒருவர் அதன் முன்னால் வண்டியை நிறுத்தியிருந்தார். படத்தில் இருக்கிற பெண் நான்தான் என்று தெரிந்துகொண்டார்.

“இது யாரு பாப்பா? மூஞ்சியக் காணோமே?”

“எங்க மாமா. நெஜமாவே சண்ட போட்டவரு. கேம்ப்லதான் இருக்காரு” என்று சொல்லி, எந்த வரிசை, எத்தனாவது வீடு என்பதுவரை சொல்லிக்கொடுத்தேன். மாமாவின் மானத்தைக் காப்பாற்றிவிட்ட பெருமையில் பள்ளிக்கூடம் வரைக்கும் ஓடினேன்.

மத்தியானமே மாமாவைக் கூட்டிப்போனார்கள். திரும்பி வர மூன்று வருடம் ஆனது. அந்தப் பேனரைச் சொல்லி அம்மா இன்றைக்கும் பெரியப்பாவைச் சபிக்கிறாள். நானும் கூடச் சேர்ந்து திட்டுகிறேன்.