வெள்ளி கண் விழிக்கும் நேரம்

ஹென்னிங்கின் கண்ணில் புரை விழுந்த சங்கதி அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் வெள்ளி உலையின் மூத்த ஆள். நான் அந்த உலைக்கு விறகு தள்ளுகிற லுடோல்ஃப்.

ஹார்ட்ஸ் மலையில் மூன்று மேடு தாண்டினால் மூன்று பிரபுக்கள், மூன்று விதமான காசு. ஒருவர் காசை இன்னொருவர் சந்தையில் கல்லில் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். எங்கள் தாலர் நாணயத்தை யாரும் தட்டுவதில்லை. அதில் பாயும் குதிரை ஒன்று, கூடவே 'சுத்த வெள்ளி' என்று எழுத்து. எங்கள் ராஜா கடல் தாண்டி லண்டனில் உட்கார்ந்திருந்தார். அந்த இரண்டு வார்த்தைக்கு இங்கே பொறுப்பு ஹென்னிங்.

சுரங்கத்து வெள்ளி ஈயத்தோடு கலந்தே வரும். சாம்பல் பூசிய குழிவான தளத்தில் உருக்கித் துருத்தி ஊதினால் ஈயம் பொருக்காகி வழியும். கடைசியில் பால் மேல் ஆடை மாதிரி ஒரு ஏடு மிஞ்சும். அது கிழியும்போது நிறங்கள் ஓடும். பிறகு ஒரு கணம், தளம் முழுக்க ஒளி. வெள்ளி கண் விழித்தது என்போம். அப்போது தண்ணீர் ஊற்றச் சொல்லிக் குரல் கொடுக்க வேண்டும். முந்தினால் ஈயம் தங்கிவிடும். பிந்தினால் வெள்ளி சேதம்.

பத்து வயதில் தாதுக்கல் கழுவ வந்தவர் ஹென்னிங். முப்பதில் உலைக்கு ஏறினார். இருபத்தாறு வருஷம் வெள்ளி விழிப்பதைப் பார்த்தார். உருக்கு நாட்களில் வீட்டுக்குத் தூக்கத்தில் நடப்பவர் போலப் போவார். வணக்கம் சொன்னால் காதில் விழாது. கூலி சில்லறையாகத்தான் வரும். எப்போதாவது கையில் முழுத் தாலர் வந்தால் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, "தூங்குது" என்பார். மனைவி இல்ஸபெ சிரிப்பாள். கூண்டில் கேனரிக் குருவிகள் பாடிக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் என் முகத்துக்கு நேரே நின்று, "லுடோல்ஃப் எங்கே?" என்று கேட்டார். எனக்கு விளங்கிவிட்டது. அடுத்த உருக்கில் வெள்ளி விழித்த கணம் நான் இருமினேன். அவர் குரல் கொடுத்தார். இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. இரண்டு வருஷம் ஓடியது. நாணயச் சாலையிலிருந்து ஒரு வெள்ளிக் கட்டிகூடத் திரும்பி வரவில்லை.

பிறகு ஓஸ்டர்லோ என்ற புது மேற்பார்வையாளர் வந்தார். ஹென்னிங் பீரைக் கோப்பைக்கு வெளியே ஊற்றுகிறார் என்று யாரோ ஊதியிருக்கிறார்கள். வியாழக்கிழமை காலை உலையருகே தானே நிற்பதாகவும், கண் போயிருந்தால் வேலையும் போனதுதான் என்றும் சொல்லிவிட்டார்.

புதன்கிழமை இல்ஸபெ என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "நாளைக்குக் கொஞ்சம் சத்தமாவே இருமுப்பா" என்றாள்.

வியாழன் காலை பனி கொட்டியது. மேற்பார்வையாளர் முதலில் செய்த காரியம் என்னை வெளியே அனுப்பியதுதான். "உன் இருமலைப் பத்தியும் கேள்விப்பட்டேன்" என்றார்.

பலகைக் கதவுக்கு வெளியே நின்றேன். துருத்தி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. உள்ளே ஹென்னிங் பேசினார்.

"ஐயா, ஒரு உபகாரம். அங்க என்ன தெரியுதுன்னு சொல்லுங்க."

"உனக்குத் தெரியலையா?"

"ரெண்டு வருஷமா தெரியல, ஐயா."

கிழவர் தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டார். பிறகு மேற்பார்வையாளர் கணக்கு ஒப்பிக்கிற குரலில் ஆரம்பித்தார். சாம்பல் நிற ஏடு என்றார். கிழிகிறது என்றார். போகப் போக அந்தக் குரல் இளகி, கனவைச் சொல்கிறவன் குரல் ஆனது.

"சிவப்பு... இல்ல, விடியக்கால மேகம் மாதிரி. அதுக்குள்ள பச்சை நெளியுது. இப்ப மஞ்சள். எல்லாம் ஒரே பக்கமா ஓடுது..."

"தண்ணி" என்றார் ஹென்னிங்.

அதற்குப் பிறகுதான் பலகை இடுக்கு வழியாக ஒரு வெள்ளை வெளிச்சம் வந்து, பனியில் என் பூட்ஸைத் தொட்டுவிட்டுப் போனது.

வெள்ளி சுத்தமாக இருந்தது. ஆனாலும் சட்டம் சட்டம்தான் என்றார் மேற்பார்வையாளர். சொல்லும்போது தொப்பியைக் கையில் வைத்திருந்தார். தொழிலாளர் நிதியிலிருந்து வாரப்படி கொஞ்சம் கிடைக்கும். அவர் வேலை எனக்கு.

வீட்டுக்குக் கூட்டிப் போகும்போது எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இருமல் இல்லாமல் எப்படிக் கணித்தீர்கள் என்று கேட்டேன்.

"உன் இருமலா? அது எப்பவும் அரை மூச்சு லேட்டுடா. எனக்குக் கன்னத்துல தெரியும். ஈயம் போனதும் சூடு வேற மாதிரி அடிக்கும்."

"அப்ப வாயை மூடிட்டு இருந்திருக்கலாமே அண்ணே. வேலை தங்கியிருக்கும்."

அவர் தாடியில் படிந்திருந்த பனியைத் துடைத்தார்.

"ரெண்டு வருஷம் பக்கத்துல நின்ன. ஒரு தடவையாவது என்ன நிறம்னு சொன்னியா?"

"நீங்க கேக்கலையே."

"கேட்டா, தெரியலன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமேடா."

இப்போது உலையில் நான் குரல் கொடுக்கிறேன். உருக்கு நாளில் இல்ஸபெ அவரைக் கைபிடித்துக் கூட்டி வந்து விறகுக் குவியல் மேல் உட்கார வைக்கிறாள். எனக்குப் பேச்சு வராது, நிறமும் அவ்வளவாக வராது. ஒரு தடவை ஈரல் நிறம் என்று சொல்லித் திட்டு வாங்கினேன். போன வாரம் ஈரச் செங்கல், அதன் மேல் புல் என்றேன்.

"எந்தப் பக்கம் ஓடுது?" என்றார்.

"கதவுப் பக்கமா."

முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பிக்கொண்டார்.