வேம்பு பிரித்து வைத்த நட்சத்திர மீன்கள்

கீழ்வேளூருக்குத் தெற்கே இரண்டு வாய்க்கால் தாண்டினால் வேம்பு பிறந்த தெரு. அப்பன் வழியில் எல்லோரும் ஏர் பிடித்தவர்கள். அம்மா வழியில் பெண்கள் எல்லோரும் நாற்றுப் பறிப்பதில் பேர் வாங்கியவர்கள். பெரியம்மா காளியம்மாள் கட்டிய நாற்று முடியில் ஒரே ஒரு புல் கிடந்ததற்கு, அந்த வருஷம் முழுக்க அவளைக் கேலி பேசியே தீர்த்தார்கள். நெல்லைப் போலவே நிற்கும் அந்தப் புல் கண்ணுக்கு அகப்படாது. இலையும் தண்டும் சேருகிற இடத்தை விரலால் நெருடிப் பார்க்க வேண்டும். நெல் என்றால் மெல்லிய சவ்வு ஒன்று தட்டுப்படும். புல் என்றால் வழவழவென்று இருக்கும். வேம்புக்கு ஏழு வயதிலேயே அது கைவந்துவிட்டது.

உதயசூரியன் ஆட்சிக்கு வந்த மூன்றாம் வருஷம், அறுவடைக் கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்டுத் தெருவே வேலைக்குப் போகாமல் நின்றது. மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கினார். கொடி பிடித்தவர்களுக்கு அதன்பிறகு பண்ணையில் வேலை இல்லை. வேம்புவின் புருஷன் இராஜாங்கம் அதில் ஒருவன். “வாசலில் வந்து நின்று தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், சேர்த்துக்கொள்கிறோம்” என்று பண்ணைக் காரியக்காரர் துரைராசு சொல்லி அனுப்பினார். இராஜாங்கம் போகவில்லை. அவன் அக்காள் அம்சத்தை அதிராம்பட்டினத்தில் உப்பளக்காரர் ஒருவருக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த உறவைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் கடற்கரைக்கு வந்து சேர்ந்தார்கள்.

இராஜாங்கத்துக்கு உப்பளம். வேம்புக்கு மீரா உசேனிடம் வேலை. அவர் கல்லூரி வாத்தியார், முப்பது வயசு. அந்தக் கரையில் எத்தனை வகை நட்சத்திர மீன் இருக்கிறது என்று எழுதிக்கொண்டிருந்தார். வலையில் வேண்டாமல் வந்து விழுவதையெல்லாம் வாங்கி, தன் மாமா வீட்டுச் சரக்குக் கிட்டங்கியின் பின்னறையில் ஸ்பிரிட்டு ஊற்றிய ஜாடிகளில் போட்டு வைப்பார். எந்த வலை, எந்தத் தேதி என்று பென்சிலால் எழுதிய சீட்டு ஒன்று ஒவ்வொரு ஜாடிக்குள்ளும் கிடக்கும். கழுவுவதும் ஸ்பிரிட்டு மாற்றுவதும் வேம்பு.

ஐப்பசி மழையில் உப்பளம் நின்றது. இனி வேம்பு கொண்டுவருவதுதான் அடுப்பில் ஏறும். அதுவும் போனால் துரைராசு வாசல்தான்.

அந்த வெள்ளிக்கிழமை மீரா உசேன் ஜும்மாவுக்குப் போயிருந்தார். வேம்பு பெரிய ஜாடியைத் தட்டில் கவிழ்த்தாள். ஐம்பத்தெட்டு உருப்படி. எல்லாம் மணல் நிறம், தட்டை, ஐந்து கை. கையோரத்தில் ஓடு அடுக்கினாற்போல மேலும் கீழுமாக இரண்டு வரிசை. கீழ்வரிசை முழுக்க முள். கழுவிக்கொண்டே வந்தவளின் விரல் ஒன்றில் நின்றது. பிறகு இன்னொன்றில். கலப்பு. கலப்போடு நாற்று முடி கட்டிப் பழக்கமில்லாத கை அது. பதினொன்றைப் பிரித்து ஒரு காலி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டாள். இருந்தது ஒரே சீட்டு, அது ஜாடியிலேயே கிடந்தது.

மீரா உசேன் வந்ததும் பாட்டிலைத்தான் பார்த்தார்.

“என்னக்கா இது? யாரு பிரிக்கச் சொன்னா?”

“கலப்பு கெடந்துச்சு சார்.”

“கலப்பா? இது என்ன நாத்தங்காலா? அம்பத்தெட்டும் ஒரே வகை. மதராஸுக்கு எழுதியே அனுப்பிட்டேன். புதன்கிழமை அங்கேர்ந்து பெரிய வாத்தியாரு பார்க்க வர்றாரு. சீட்டு இல்லாத உருப்படி குப்பைக்குச் சமம்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? போதும். நாளையிலேர்ந்து வர வேணாம்.”

வேம்புவின் கண்ணில் துரைராசு வாசல் வந்து நின்றது. ஆனாலும் நகரவில்லை.

“போகச் சொன்னா போறேன் சார். ஒருதரம் தொட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க. இந்தப் பதினொண்ணுக்கும் மேல்வரிசையில முள்ளு இல்ல.”

“வலையில உரசி ஒடிஞ்சிருக்கும்.”

“ஒடிஞ்சா மொட்டு நிக்கும்ல சார்? கருவ முள்ள ஒடிச்சாக்கூட அடி நிக்குது. இது வழவழன்னு கெடக்கு. மொளைக்கவே இல்ல.”

அவர் பாட்டிலைத் தட்டில் கவிழ்த்தார். பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். அவர் மனைவி ஜன்னத் பீவி கொடுத்தனுப்பிய டீ ஆடை கட்டிப் போயிற்று. ஒவ்வொன்றாகப் பார்த்தவர் கடைசி ஒன்றில் நிமிர்ந்தார்.

“இதுல மொட்டு இருக்கே. மூணு இருக்கு.”

வேம்பு வாங்கி நெருடினாள். இருந்தது. பெரியம்மா முடியில் கிடந்த புல் நினைவுக்கு வந்து முகம் சுண்டியது.

“ஆமா சார், இவன் ஒடிஞ்சவன்தான். ஜாடிக்காரங்க வீட்டு ஆளு. மாத்திச் சேத்துட்டேன், அந்தப் பக்கமே விட்ருங்க.”

மீரா உசேனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வகை கண்டுபிடிக்கிற புத்தகத்தை இறக்கிப் புரட்டினார். மேல்வரிசையில் முள் உண்டா இல்லையா என்று கேட்டு இரண்டாகப் பிரிகிற பக்கம் அது. ஜாடியில் நாலைந்தை மட்டும் பார்த்துவிட்டு, உண்டு என்று அவர் தாண்டிப்போன பக்கம். ‘அதே வலை, அதே தேதி’ என்று புதுச் சீட்டு ஒன்று எழுதிப் பாட்டிலில் போட்டார். அலமாரியை நிமிர்ந்து பார்த்தார். இன்னும் ஏழு ஜாடி.

“அதுலயும் இந்தக் கதைதான் இருக்கும் போல. புதன்கிழமைக்குள்ள எல்லாத்தையும் கொட்டிப் பார்த்தாகணும்.”

“யாரு பாக்குறது?”

“வேற யாரு? காலையில வெள்ளன வந்துடுங்கக்கா.”

“வர வேணாம்னீங்க?”

“அது ஏதோ கோவத்துல வந்தது. வாங்க.”

வீட்டில் இராஜாங்கம் கூரை ஒழுகுகிற இடத்தில் கீற்றுச் செருகிக்கொண்டிருந்தான்.

“துரைராசு மறுபடி ஆள் அனுப்பியிருக்கான். தாளடி நடவுக்கு ஆள் பத்தலையாம். வந்து தப்புன்னு சொன்னாப் போதுமாம். என்ன சொல்லட்டும்?”

“வர முடியாதுன்னு சொல்லுங்க” என்றாள் வேம்பு. “எனக்கு இங்க ஏழு ஜாடி கெடக்கு.”

ஏழு முடிய முடிய வேறு ஜாடி வந்தது. வேம்பு பத்தொன்பது வருஷம் அந்த அறையில் இருந்தாள்.