நடுவில் இல்லாத கை

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் அப்போது நான் கம்ப்யூட்டரில் டிராயிங் போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ இருக்கும். அங்கே ஒரே பெண் நான். என் அண்ணன் பம்மலில் கல்யாண வீடியோ எடுப்பவன் என்பது முதலாளிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. பேட்டை கம்பெனிகளுக்குள் நடந்த வாலிபால் போட்டியில் நாங்கள் பைனலுக்கு வந்ததும், "அண்ணன் கேமராவ வாங்கிட்டு வந்து நீயே எடுத்துடும்மா" என்றார்.

எங்கள் டீமுக்கு கேப்டன் ஃபோர்மேன். எனக்கும் அவருக்கும் முதல் நாளில் இருந்தே ஆகாது. நான் கொடுக்கும் டிராயிங்கை மேசைமேல் வீசிவிட்டு, "ஃபேன் கீழ உக்காந்துகினு கோடு போட்டா இரும்பு வளைஞ்சிடுமா?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்வார். தப்பாக வெட்டிய தகடு எதுவானாலும் என் கணக்கில்தான் வரும். அவர் ஜெயிக்க வேண்டும் என்று அன்று நான் வேண்டிக்கொள்ளவில்லை.

எதிர் டீம், பின் தெருவில் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப். ஞாயிற்றுக்கிழமை காலை, நல்ல வெயில். கடைசி செட்டில், அவர்களுக்கு ஒரு பாயிண்ட் கிடைத்தால் ஆட்டம் முடிந்துவிடும் என்ற நிலையில், ஃபோர்மேன் எம்பி ஒரு ஸ்மாஷ் அடித்தார். பந்து கோட்டுக்கு உள்ளேதான் விழுந்தது. ஆனால் ரெஃப்ரி விசில் ஊதி, கை நெட்டில் பட்டது, பாயிண்ட் எதிர் டீமுக்கு என்றார். ஆட்டம் போனது. சட்டையைப் பிடித்தார்கள், கெட்ட வார்த்தை பறந்தது. பிரித்துவிட வந்த முதலாளி என் கையில் இருந்த கேமராவைக் காட்டி, "எல்லாம் இதுல இருக்கு. ஸ்லோ மோஷன்ல போட்டுக் காட்றேன், அப்புறம் பேசுங்க" என்றார்.

அண்ணனின் கம்ப்யூட்டரில் டேப்பை ஏற்றி அந்த ஒரு அடியை மட்டும் ஐந்து மடங்கு மெதுவாக்கினேன். படம் ஓடவில்லை, தத்தித் தத்திப் போனது. கம்ப்யூட்டர் பழசு, அதனால்தான் திக்குகிறது, சிடியில் ஏறினால் சரியாகிவிடும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அது என் தப்பு.

செவ்வாய்க்கிழமை மதியம் முதலாளி அறையில் சிடியைப் போட்டோம். பிரஸ் ஷாப் கேப்டனும் அவர் ஆட்கள் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். திரையில் ஃபோர்மேனின் கை பந்துக்குப் பின்னால் உயரத்தில் நின்றது. படம் ஒரு தாவு தாவியது. கை நெட்டுக்குக் கீழே வந்துவிட்டது. நெட் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"இன்னாம்மா இது? கை மேல கீது, அடுத்தது பாத்தா கீழ கீது. நடுவுல இருந்தது எங்க?" என்றார் பிரஸ் ஷாப் கேப்டன். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "கட் பண்ணிக்கினு வந்துகீறாங்க. எங்கள இன்னா கேனைன்னு நெனச்சீங்களா?"

ஃபோர்மேன் அவர் பக்கம் திரும்பவில்லை, என் பக்கம் திரும்பினார். "ஒரு சிடி ஒழுங்கா போடத் தெரில. இத நம்பி ஆள வேற கூப்ட்டு வெச்சிக்கினு."

முதலாளி எனக்காக ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். அவர் குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, நடுவுல எதாவது எடுத்தியா?" என்று கேட்டார். மற்ற இரண்டு பேர் சொன்னதை அன்று சாயந்திரமே மறந்திருப்பேன். இதை மறக்க முடியவில்லை.

அடுத்த ஞாயிறு மதியம் அண்ணன் வெளியே போனதும் மறுபடி உட்கார்ந்தேன். எடிட்டிங் சாஃப்ட்வேரில் பக்கத்துப் பக்கத்துப் படங்களைக் கலந்து காட்டும் வசதி ஒன்று இருந்தது. போட்டுப் பார்த்தால் தத்துவது குறைந்தது, ஆனால் ஃபோர்மேனுக்கு மங்கலாக இரண்டு கைகள் முளைத்தன. இல்லாத கையைக் காட்டினால் இன்னும் செருப்படிதான். அதை எடுத்துவிட்டேன்.

பிறகு மெதுவாக்காத படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். வேகமாகப் போகும் கையின் ஓரம் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகப் பிரிந்திருந்தது. மெதுவாக்கிய படத்தில் அந்தப் பற்கள் இல்லை, வழவழவென்று இருந்தது. அப்போதுதான் புரிந்தது. அந்தக் கேமரா ஒவ்வொரு படத்திலும் அடுத்தடுத்த இரண்டு கணங்களைப் பாதிப் பாதியாக எழுதுகிறது, ஒன்று ஒற்றைப்படைக் கோடுகளில், இன்னொன்று இரட்டைப்படைக் கோடுகளில். மெதுவாக்கும்போது சாஃப்ட்வேர் ஒரு பாதியைத் தூக்கிப் போட்டுவிட்டு மீதியையே திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறது. யாரும் கட் பண்ணவில்லை. செட்டிங்கை மாற்றி இரண்டு பாதியையும் தனித்தனிப் படமாகப் பிரித்து வரிசையாக அடுக்கினேன்.

கை மேலே. அடுத்தது, முழங்கைக்குக் கீழ்ப் பகுதி நெட்டின் மேல் பட்டையில் படிந்து, பட்டை வளைந்து நிற்கிறது. அதற்கடுத்தது, கை கீழே.

பத்து தடவையாவது ஓட்டிப் பார்த்திருப்பேன். உண்மை கிடைத்த சந்தோஷம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். அது இல்லை. அவர் மாட்டினார் என்ற சந்தோஷம். இரண்டு சிடி போட்டேன்.

திங்கள் காலை முதலில் பிரஸ் ஷாப்பில்தான் நுழைந்தேன். கேப்டன் பார்த்துவிட்டு, "அதான் அன்னிக்கே சொன்னேன்ல" என்றார்.

"நான் கட் பண்ணேன்னு சொன்னீங்களே?"

"அன்னிக்கு அப்டிதான இருந்துச்சி. இன்னா இப்ப, உன் கால்ல வுழணுமா?"

ஒரு சிடியை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்து எங்கள் கம்பெனிக்குப் போனேன். ஃபோர்மேன் நின்றபடியே இரண்டு தடவை பார்த்தார். "யாரு உன்ன சரி பண்ணச் சொன்னது?" என்று கேட்டுவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குள் போய்விட்டார். பிரஸ் ஷாப்காரர்களிடம் ஒரு சிடி போய்ச் சேர்ந்துவிட்டது என்று தெரிந்ததும் முதலாளியின் முகம் இறுகியது.

"மொதல்ல எங்கிட்ட காட்டணும்னு தோணலையா?"

"உங்ககிட்ட காட்டியிருந்தா அங்க போயிருக்காது சார்."

அதற்கப்புறம் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் யாரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பதினோரு மணி டீ என் மேசைக்கு வருவது நின்றது. என் டிராயிங் ஒவ்வொன்றும் 'அளவு தெரியவில்லை' என்று சிவப்புப் பேனாவில் எழுதித் திரும்பி வந்தது. நான் அதே அளவை இரண்டு மடங்கு பெரிய எழுத்தில் போட்டுத் திருப்பி அனுப்பினேன். இப்படியே எட்டு மாதம் ஓடியது. வேறு வேலை கிடைத்ததும் நின்றுவிட்டேன். கடைசி நாள், பாக்கி எதுவும் இல்லை என்ற தாளைக் கையெழுத்துக்காக ஃபோர்மேனிடம் நீட்டினேன். படிக்காமல் போட்டுக் கொடுத்தார். நான் நன்றி சொல்லவில்லை. அவரும் தலையைத் தூக்கவில்லை.