மெர்சி அக்காவின் பூப்போட்ட குடை

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, இத்தனை வருடமாக நம் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் வாய் திறக்காத ஸ்டெல்லா இன்று எழுந்து நிற்கிறேன். பேசாமல் இருந்ததற்குக் காரணம் பணிவு அல்ல. பொறாமை.

மெர்சி அக்கா என் ஓரகத்தி. சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தின் லைன் வீட்டில் அடுத்த கதவு. வாராவாரம் அவளிடம் ஒரு சாட்சி இருக்கும். மகனுக்குக் காய்ச்சல் விட்டது, தொலைந்த ஆடு திரும்பி வந்தது, தம்பி பம்பாயிலிருந்து பூப்போட்ட குடை அனுப்பினான், எல்லாமே ஜெபத்துக்குப் பதில்! எனக்கு ஒன்றுகூட இல்லை. குழந்தை கேட்டேன், வரவில்லை. "அவளுக்கு மட்டும் செவிசாய்க்கிறீரே" என்று ஆண்டவரிடம் சண்டையே போட்டிருக்கிறேன். வயிறு எரிந்தது.

அறுபத்தெட்டு ஐப்பசியில் நான்கு நாள் விடாத மழை. வெள்ளிக்கிழமை மாலை இருவரும் கூட்டத்துக்குக் கிளம்பினோம். சயனைடு மேட்டின் அடிவாரம்தான் வழி. தங்கம் எடுத்தபின் மிஞ்சிய மண்ணைக் கொட்டிக் கொட்டிக் குன்றாகிப்போன மேடு அது.

"இன்னாடி நனையிற? குடைக்குள்ள வா."

"பரவால்ல, நீங்க போங்க."

வறட்டு ரோஷம். இருபதடி பின்னால் நனைந்துகொண்டே நடந்தேன். கண் மட்டும் அந்தக் குடையை விட்டு நகரவில்லை.

திடீரென்று மேடு சரிந்தது. அவிழ்ந்த மூட்டையிலிருந்து அரிசி கொட்டுவதுபோல மண் இறங்கியது. அக்காவும் இல்லை, குடையும் இல்லை.

ஷிப்ட் முடிந்து வந்த ஆட்கள் மண்வெட்டி எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். அக்காவின் செருப்பு ஒன்று தூரத்தில் கிடந்தது. அங்கேயே தோண்டினார்கள்.

"அங்க இல்லீங்க! இங்க, இந்தக் கம்பத்துக்கு நேரா!"

"உனக்கு எப்பிடிம்மா தெரியும்?"

எப்படிச் சொல்வது? வழிநெடுக வயிறெரிந்து பார்த்த குடை, எங்கே மறைந்தது என்று எனக்குத் தெரியாதா?

கையாலேயே தோண்டினேன். தோண்டிக்கொண்டே ஜெபித்தேன். அழகான ஜெபம் அல்ல. "ஆண்டவரே, அக்காவைத் திருப்பிக் கொடும். அவள் சொல்லும் சாட்சியை எல்லாம் சாகும்வரை உட்கார்ந்து கேட்கிறேன்."

முதலில் குடைத்துணி தட்டுப்பட்டது. அவள் முகத்தின்மேல் கவிழ்ந்து, மூச்சுக்குக் கொஞ்சம் இடம் வைத்திருந்தது. அக்கா வாய் நிறைய மண்ணோடு இருமினாள். நான் சேற்றில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

உடம்பு தேறியதும் முதலில் எழுந்து சாட்சி சொன்னது யார்? அவள்தான்! முக்கால் மணி நேரம். குடைக்கு ஸ்தோத்திரம், குடை அனுப்பிய தம்பிக்கு ஸ்தோத்திரம். என் பெயர் கடைசியில்தான் வந்தது. எரிந்ததா என்றால் எரிந்தது. அவள் உட்காரும் இடம் காலியாகக் கிடந்திருக்குமே என்று நினைத்ததும் அடங்கிப்போயிற்று.

குழந்தை இன்னும் இல்லை. கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனாலும் சொல்கிறேன், நல்ல மனசு வரட்டும், பிறகு ஜெபிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். இருக்கிற மனசோடு அவரிடம் வாருங்கள். என் பொல்லாத கண்ணைக்கூட அவர் வீணாக்கவில்லை.

அன்றைக்கு நான் கேட்டதை அவர் கொடுத்துவிட்டார். நான் சொன்ன வாக்கு பாக்கி இருக்கிறது. அதோ, அக்கா கையைத் தூக்குகிறாள்.

சொல்லுங்க அக்கா. உட்கார்ந்து கேட்கிறேன்.