பேனரில் சரவணனின் இடம்

ஃப்ளெக்ஸ் கடையில் டிசைன் போடுகிறவர்களே, உங்களுக்குத் தெரியும்: எழுத்துப் பிழையைப் பொறுத்துக்கொள்வார்கள், முகம் சின்னதானால் பொறுக்கமாட்டார்கள்.

மேகம்

கள்ளக்குறிச்சியில் எங்கள் கடைக்கு வழக்கமாக வரும் ஒரு கோஷ்டி. அடிதடிக்குப் பேர் போனது. பிறந்தநாள் பேனரில் தலைவன் நடுவில் பட்டாக்கத்தியோடு நிற்பான். மற்ற முகங்கள் காலடியில் வரிசையாக. கடைசி முகம் கச்சிராயபாளையத்துச் சரவணன். கரும்பு வெட்டப் போகிற குடும்பம், என் வயசுதான்.

அடுத்த வருஷம் சரவணனுக்குத் தலைவனோடு ஏதோ சண்டை. அவன் படத்தை எடுக்கச் சொன்னார்கள். எடுத்துவிட்டு, பின்னாலிருந்த மேகத்தை இழுத்து இடத்தை மூடினேன். பேனர் கட்டிய அன்றே சரவணன் வந்தான். சத்தம் போடவில்லை. "அந்த மேகத்துல இன்னா நண்பா இருக்குது? அதத் தூக்கிட்டு என்னைய வையேன்."

முகமில்லாத பேனர்

சில மாதம் கழித்து வெளியூர் ஆட்கள் இரண்டு பேரோடு வந்தான். படம் வேண்டாமாம். 'எதிரிகளை ஒழிப்போம்' என்ற வாசகம் மட்டும், ரத்தம் சொட்டுகிற எழுத்தில். முதலாளி அடிக்க முடியாது என்றுவிட்டார்.

வாசல்வரை போய், யாருடா எதிரி என்று மெதுவாகக் கேட்டேன். பைக்கில் ஏறிக்கொண்டே சொன்னான்: "அது இவங்களுக்குத்தான் தெரியும். நான் சாப்ட்டனான்னு தெனம் போன் பண்ணிக் கேக்குறாங்க நண்பா, போதாதா?"

வேறு மேட்டர்

சந்தைக் கூட்டத்தில் வைக்கக் குண்டு செய்துகொண்டிருந்தபோது அவர்கள் மூவரையும் போலீஸ் பிடித்தது. நல்லவேளை, வெடிக்கவில்லை. தீவிரவாத வழக்கு என்று சென்னையிலிருந்து விசாரிக்க வந்த அதிகாரி ஒருவர், சரவணன் என்ன படித்தான், யார் பேச்சைக் கேட்டான் என்று என்னைத் துருவினார்.

அவன் எதையும் படித்து நான் பார்த்ததில்லை. கோஷ்டி பேனர் இரண்டையும் திறந்து காட்டினேன், அவன் இருந்தது, இல்லாமல் போனது. "நிக்க ஒரு எடம் தேடுனான் சார். கொள்கையெல்லாம் பின்னாடி வந்ததுங்க" என்றேன். அவர் எழுந்துவிட்டார். "இது லோக்கல் ரவுடி மேட்டர் தம்பி. நாங்க வந்திருக்கிறது வேற மேட்டர்."

தோளில் ஒரு கை

போன வாரம் சரவணனின் அம்மா வந்தார். டிவியில் வந்த படத்தைத் தவிர மகன் படம் வீட்டில் ஒன்றுமில்லையாம். கோஷ்டிக்காரர்கள் முன்பு அனுப்பிய குரூப் போட்டோவிலிருந்து அவனை வெட்டி எடுத்தேன். பக்கத்தில் நின்றவனின் கை மட்டும் அவன் தோளில் ஒட்டிக்கொண்டு வந்தது. அழிக்கப் போனேன்.

"அழிக்காத சாமி. யாரோ ஒருத்தன் எம்புள்ளைய தொட்டுக்கினு நிக்கிறான், இருந்துட்டுப் போவட்டும்."

முகத்தை எடுத்த இடத்தை மேகத்தால் மூட எங்களிடம் சாஃப்ட்வேர் இருக்கிறது. எடுத்த முகம் எங்கே போய் ஒட்டிக்கொள்ளும் என்று பார்க்கத்தான் இல்லை.